சோணாடு கொண்டவன்

1

பேரரசுகளின் வரிசையாகச் சரித்திரத்தைப் படித்துப் பழகியவர்களுக்குப் பதின்மூன்றாம் நூற்றாண்டு ஓர் இடைவேளை. சோழர் போய்க்கொண்டிருக்கிறார்கள், பாண்டியர் வந்துகொண்டிருக்கிறார்கள். இந்த இடைவேளையில், 1231இல், சோழச் சக்கரவர்த்தி மூன்றாம் ராஜராஜனை அவனுக்குக் கீழ்ப்பட்ட சிற்றரசன் ஒருவன் பிடித்துக்கொண்டுபோய்ச் சிறையில் வைத்தான். சிறை இருந்த ஊர் சேந்தமங்கலம். விழுப்புரத்திலிருந்து தெற்கே போனால் உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம், கெடிலத்தின் கரையில் இருக்கிறது. ராஜராஜன் தோற்ற இடம் தெள்ளாறு. அது திண்டிவனத்திலிருந்து வந்தவாசிக்குப் போகும் வழியில் இருக்கிறது. பஸ் ஜன்னலிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் சாதாரண ஊர்கள்.

சிறைவைத்தவன் பெயர் கோப்பெருஞ்சிங்கன்; காடவராயர் குலம். பள்ளிக்கூடப் புத்தகம் அவனுக்கு ஒரு வாக்கியம் ஒதுக்கினால் அதிகம். அந்த வாக்கியத்தில் அவன் கலகக்காரச் சிற்றரசன், எஜமானனுக்குத் துரோகம் செய்தவன். குலப்பெருமை பேசும் மேடைகளில் அதே ஆள் பல்லவப் பேரரசின் கடைசிச் சிங்கம். முதல் கட்சி சோழனின் கண்ணால் பார்க்கிறது. இரண்டாம் கட்சி காடவன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதை அப்படியே நம்புகிறது. இரண்டு பேருக்கும் ஒரு கதாநாயகன் வேண்டியிருக்கிறது. கல்வெட்டில் என்ன சொல் எழுதியிருக்கிறது, அதை யார் எழுதவைத்தார்கள், அதே காரியத்துக்கு எதிராளி என்ன சொல்லைப் பயன்படுத்தினான் என்று கேட்க இரண்டு பேருக்கும் பொறுமை இல்லை.

இப்படிக் கேட்பது சரித்திர ஆசிரியர்களின் வேலை மட்டும் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. கல்வெட்டு ஒரு மொழிக்காரியம். அதற்கு நடை உண்டு, அணி உண்டு, மறைப்பு உண்டு. கவிதையில் ஒரு சொல்லின் எடையைப் பற்றி இரவெல்லாம் சண்டை போடுகிற நாம், கோவில் சுவரில் இருக்கும் தமிழை மட்டும் ‘ஆதாரம்’ என்று சொல்லித் துறைக்காரர்களிடம் விட்டுவிட்டோம். காடவராயர் எழுச்சியை நான் புரிந்துகொண்டவரையில் அது முதலில் சொற்களில் நடந்த எழுச்சி. ஒரு பெயர், ஓர் ஆண்டுக்கணக்கு, ஒரு வினைச்சொல் ஆகிய மூன்றையும் அவர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைப்பற்றினார்கள். கோட்டையும் படையும் அவற்றுக்குத் துணை நின்றன.

2

முதலில் பெயர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் திருமுனைப்பாடி நாட்டில், அதாவது திருவதிகை, திருவெண்ணெய்நல்லூர், விருத்தாசலம் வட்டாரத்தில், காடவராயர்கள் சோழனின் அதிகாரிகளாகவும் காவல் உரிமை பெற்றவர்களாகவும் கல்வெட்டுகளில் வருகிறார்கள். அவர்களில் ஒருவன் மோகன் ஆட்கொல்லி என்ற குலோத்துங்கசோழக் காடவராயன். இந்தப் பெயரை ஒரு வாக்கியம்போலப் படிக்கலாம். முதல் பாதி வீட்டில் வைத்த பெயர். நடுவில் இருப்பது எஜமானனின் பெயர். சோழன் தன் பெயரைச் சேவகன் மேல் முத்திரையாகக் குத்துகிறான். கடைசியில் இருப்பது குலப்பெயர். சோழ அதிகாரம் நன்றாக இருந்தவரை இந்த மூன்றும் ஒரே ஆள் மேல் சௌகரியமாக உட்கார்ந்திருந்தன. அதிகாரம் தளரும்போது நடுவில் இருப்பது உதிரும். காடவன் மிஞ்சுவான்.

காடவன் என்ற சொல் அப்போது சும்மா கிடந்த சொல் அன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பல்லவ அரசனைக் காடவன் என்றே சொல்கிறார். ஐயடிகள் காடவர்கோன் அறுபத்துமூவரில் ஒருவர். அப்பரின் கதையில் திருப்பாதிரிப்புலியூர்ச் சமணப் பள்ளியை இடித்துத் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுப்பவனும் காடவன்தான். சோழன் அவையோடு சம்பந்தப்பட்ட ஒரு காவியத்தில், சோழனுக்கு முந்தைய அரசகுலத்தின் பெயராக இந்தச் சொல் பக்தியின் ஒளியோடு நிற்கிறது. அதே ஊர்களில், அதே பெயரோடு, சோழனின் காவல்காரர்கள் நடமாடுகிறார்கள். பல்லவர் ஆட்சியை ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சோழன் ஆதித்தன் முடித்துவைத்தான். முந்நூறு ஆண்டுகள் கழித்து அந்தக் காலியிடத்துக்கு உரிமை கோர ஒரு சொல் தயாராக இருந்தது.

கோப்பெருஞ்சிங்கன் என்ற பெயரையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கோ, பெரும், சிங்கன். வடமொழிக் கல்வெட்டுகளில் மகாராஜசிம்மன். காஞ்சியில் கைலாசநாதர் கோவில் எடுத்த பல்லவன் பெயர் ராஜசிம்மன். இது தற்செயல் என்று நம்புவது கடினம். இந்தக் குலத்தில் தலைமுறை தலைமுறையாக வரும் இன்னொரு பெயர் ஆளப்பிறந்தான். இது கோப்பெருஞ்சிங்கர் காலத்தில் அவனி ஆளப்பிறந்தான் என்று நீள்கிறது. முதலில் சொல்லாமல் விட்டிருந்த செயப்படுபொருளைக் காலம் வந்தபோது சேர்த்துக்கொண்டார்கள்.

இதில் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியது எதுவும் இல்லை. நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து இத்தாலியில் மிலான் நகரத்தை ஆண்ட விஸ்கான்டிகள் இதையேதான் செய்தார்கள். ஜான் கலெயாத்ஸோ விஸ்கான்டி 1385இல் தன் சிற்றப்பன் பெர்னபோவைத் தந்திரமாகப் பிடித்துச் சிறையில் அடைத்தான். அந்த வருஷம் முடிவதற்குள் கிழவன் சிறையிலேயே செத்தான். 1395இல் ஒரு லட்சம் ஃப்ளோரின் கொடுத்து ரோமானியர்களின் அரசர் வென்சஸ்லாஸிடம் ட்யூக் பட்டத்தை வாங்கினான். குலமரபைத் தேடிக் கொடுக்கும் பண்டிதர்கள் அவன் வம்சத்தை ட்ராய் நகரத்து ஈனியஸ் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பட்டத்தை விலைக்கு வாங்க அங்கே ஓர் அரசன் இருந்தான். இங்கே பட்டம் தரவேண்டியவன் கைதியாகச் சேந்தமங்கலத்தில் உட்கார்ந்திருந்தான். ஆகவே காடவன் தானே எடுத்துக்கொண்டான்.

எடுத்துக்கொண்ட பட்டம் சகலபுவன சக்கரவர்த்தி. சோழர் தங்களைத் திரிபுவன சக்கரவர்த்தி என்று சொல்லிக்கொண்டவர்கள். மூன்று உலகத்துக்கு மேலே போக ஒரே வழி எல்லா உலகமும்தான். பணம் மதிப்பிழக்கும்போது நோட்டில் எண்கள் பெருகுவதைப் போல, அதிகாரம் சில்லறையாகச் சிதறும்போது பட்டங்கள் பெருகுகின்றன.

3

இரண்டாவது, ஆண்டுக்கணக்கு. இக்காலத்துக் கல்வெட்டில் தேதி என்பது அரசனின் ஆட்சியாண்டு. இன்ன அரசனுக்கு யாண்டு இத்தனை என்று தொடங்கித்தான் ஒரு விளக்குக்கு நெய் விட்ட செய்திகூட எழுதப்படும். வரி யாருக்குப் போகிறது, படை யாரிடம் இருக்கிறது என்பதை மறைக்கலாம். காலம் யாருடையது என்பதைச் சொல்லாமல் வாக்கியத்தை ஆரம்பிக்கவே முடியாது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே காடவராயர், சம்புவராயர், மலையமான் போன்ற தலைவர்கள் தங்களுக்குள் உடன்படிக்கை செய்துகொண்டு அதைக் கல்லில் வெட்டிவைக்கிறார்கள். உனக்குப் பகை எனக்கும் பகை என்ற மாதிரி ஒப்பந்தங்கள். சோழனைக் கேட்காமல் சோழனின் சிற்றரசர்கள் நடத்தும் ராஜதந்திரம். ஆனால் அந்த ஒப்பந்தங்களின் தலையிலும் சோழனின் ஆண்டு இருக்கிறது. கலகத்துக்குக்கூட அவன்தான் காலண்டர்.

கோப்பெருஞ்சிங்கன் இதை உடைத்தான். சகலபுவன சக்கரவர்த்தி கோப்பெருஞ்சிங்கதேவர்க்கு யாண்டு என்று கோவில் கணக்குகள் எழுதத் தொடங்கின. பழைய தென்னார்க்காட்டிலும் செங்கற்பட்டு, வடஆர்க்காட்டுப் பகுதிகளிலும் இப்படிப்பட்ட கல்வெட்டுகள் நிறைய இருக்கின்றன. கோப்பெருஞ்சிங்கன் ஒருவனா இருவரா என்று ஆராய்ச்சியாளர்கள் நெடுநாள் வாதித்தார்கள். சோழனைச் சிறைவைத்தவன் ஒருவன், 1243இல் பட்டத்துக்கு வந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆண்டவன் அவனுக்குப் பின்வந்த இரண்டாமவன் என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்பது. ஒரு ஆளுக்கும் இன்னொரு ஆளுக்கும் வித்தியாசம் தெரியாதபடி பட்டங்கள் பேசுகின்றன என்பதே ஒரு தகவல். தனிமனிதனைக் காட்டுவது அந்த மொழியின் நோக்கமாக இருக்கவில்லை.

இப்போது 1231ஆம் வருஷத்துக் காரியத்துக்கு வரலாம். இதைச் சொல்லும் பிரதிகள் மூன்று.

வந்தவாசிப் பக்கம் வயலூரில் பாறையில் வெட்டியிருப்பது காடவன் தரப்பு. சோழனைத் தெள்ளாற்றில் வென்றது, அவனுடைய அரச சின்னங்கள் யாவற்றையும் பறித்தது, அவனைச் சிறையிட்டது, சோணாடு கொண்டது என்று வரிசையாக அடுக்கிவிட்டுச் செய்யுளுக்குப் போகிறது.

கடலூருக்கு அருகே திருவந்திபுரம் கோவிலில் இருப்பது ஹொய்சளர் தரப்பு. நல்ல தமிழ் உரைநடை. செய்தி கேட்ட வீர நரசிம்மன் துவாரசமுத்திரத்திலிருந்து கிளம்புகிறான். சோழ ராஜ்யத்தை நிலைநிறுத்துபவன் என்ற தன் பட்டத்தைக் காப்பாற்றினால் ஒழியத் தன் காளம் ஊதப்படாது என்று சபதம் செய்கிறான். தளபதிகள் அப்பண்ணனும் சமுத்திர கோப்பய்யனும் படையோடு வருகிறார்கள். கோப்பெருஞ்சிங்கன் இருந்த ஊர்களை அழிக்கிறார்கள். அவன் அதிகாரி சோழகோன் இருந்த ஊரை அழிக்கிறார்கள். பொன்னம்பலத்தில் சாமி கும்பிடுகிறார்கள். திருப்பாதிரிப்புலியூரில் தங்குகிறார்கள். திருவதிகை முதலான ஊர்களை அழிக்கிறார்கள். ஆற்றுக்குத் தெற்கே, சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே, கடல் வரைக்கும் ஊர்களைச் சுட்டுப் பெண்டிரைப் பிடித்துக் கொள்ளையிடுகிறார்கள். சேந்தமங்கலத்தையே முற்றுகையிடப் போகும்போது கோப்பெருஞ்சிங்கன் பயந்து, சோழனை மறுபடி நிறுத்துகிறேன் என்று சொல்லியனுப்புகிறான். சோழன் விடுதலையாகித் தன் நாட்டுக்குள் போகிறான்.

மூன்றாவது, ஹொய்சள அவைப் புலவன் வித்யாசக்கரவர்த்தி எழுதிய கத்யகர்ணாம்ருதம் என்ற சமஸ்கிருத உரைநடை நூல். இதன்படி சோழன் ஏற்கெனவே பாண்டியனிடம் தோற்றுவிட்டான். துணை தேடிப் பரிவாரத்தோடு போய்க்கொண்டிருந்தவனைக் காடவன் வழியில் மடக்கி ஜயந்தமங்கலத்துக்கு, அதாவது சேந்தமங்கலத்துக்கு, கொண்டுபோனான்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எது எங்கே விடுபட்டிருக்கிறது என்பது தெரிகிறது. வயலூர்ப் பாறையில் விடுதலை இல்லை. அங்கே சோழன் நிரந்தரமாகச் சிறையில் இருக்கிறான். திருவந்திபுரத்தில் தெள்ளாறு இல்லை. சிறைதான் இருக்கிறது, போர் இல்லை. வயலூர் வெற்றி என்று சொல்வதைக் கத்யகர்ணாம்ருதம் வழிமறிப்பு ஆக்குகிறது.

தெள்ளாற்றைக் காடவன் ஏன் பெயர் சொல்லி எழுதவைத்தான்? ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் வென்ற களம் அது. தெள்ளாறெறிந்த நந்திவர்மன் என்றே கல்வெட்டுகள் அவனைச் சொல்கின்றன; நந்திக்கலம்பகத்தின் பாட்டுடைத் தலைவன் அவன்தான். பல்லவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்பவன் ஒரு சோழனை வெல்ல வேண்டுமானால் தெள்ளாற்றைவிட நல்ல இடம் கிடையாது. ஓடிவந்த சோழன் அங்கே அகப்பட்டது தற்செயலாகவே இருக்கலாம். அந்தத் தற்செயலை அர்த்தமாக்கியது பாறையில் இருக்கும் ஒரு இடப்பெயர். ஒரு ஊர்ப்பெயர் நானூறு ஆண்டுகளை மடித்து ஒட்டிவிடுகிறது. படிமம் என்று நாம் சொல்வது வேறென்ன?

இன்னொரு நுட்பம் திருவந்திபுரத்தில் இருக்கிறது. ஹொய்சளன் வெட்டவைத்த அந்தக் கல்வெட்டின் தேதி ராஜராஜ சோழனின் ஆட்சியாண்டில் போடப்பட்டிருக்கிறது. காடவனிடம் சிறைப்பட்டு, கன்னடப் படையின் தயவில் வெளியே வந்தவனின் அவமானத்தை விவரமாகச் சொல்லும் ஆவணம் அவனுடைய காலத்தாலேயே அளக்கப்படுகிறது. ராஜ்யம் போனாலும் ஆண்டு நின்றது. கோப்பெருஞ்சிங்கனால் சோழனைப் பிடிக்க முடிந்தது. சோழனின் காலண்டரைப் பிடிக்க முடியவில்லை. காடவனின் ஆண்டும் சோழனின் ஆண்டும் அதற்குப் பிறகு பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஒரே நேரத்தில் ஓடின.

4

மூன்றாவது, வினைச்சொல்.

ராஜராஜனுக்கு முன் ஆண்ட மூன்றாம் குலோத்துங்கனின் கடைசிக் காலத்திலேயே மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழநாட்டுக்குள் புகுந்து தஞ்சையையும் உறந்தையையும் எரித்தான். எரித்த இடத்தில் கழுதை ஏர் பூட்டி உழுததாகவும் அவன் மெய்க்கீர்த்தி பெருமைப்படுகிறது. பட்டினப்பாலை பாடியதற்காகக் கண்ணனுக்குச் சோழன் கொடுத்திருந்த பதினாறுகால் மண்டபத்தை மட்டும் இடிக்காமல் விட்டான் என்று திருவெள்ளறையில் ஒரு கல்வெட்டுச் செய்யுள் சொல்கிறது. ஒரு கவிஞனின் கூலியை விட்டுவிட்டு ஒரு நகரத்தைக் கொளுத்திய நாகரிகம் நம்முடையது. இதில் சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அப்புறம் பாண்டியன் நாட்டைச் சோழனுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு அதையே பட்டமாக்கிக்கொண்டான்: சோணாடு வழங்கியவன்.

ஹொய்சளன் சோழ ராஜ்யத்தை நிலைநிறுத்தியவன். காடவன் சோணாடு கொண்டவன். வழங்கிய, கொண்ட, நிலைநிறுத்திய: இந்த மூன்று வினைகளுக்கும் செயப்படுபொருள் ஒன்றுதான். சோழநாடு ஒரு பொருளாகக் கை மாறிக்கொண்டிருக்கிறது. அதை வைத்துக்கொள்ள யாருக்கும் அவசரமில்லை. வைத்துக்கொண்டால் ஆள வேண்டும். திருப்பிக் கொடுத்தால் பட்டம். சேந்தமங்கலத்துக் கைதி கொல்லப்படவில்லை என்பதன் காரணம் இங்கே இருக்கிறது. உயிரோடிருக்கும் சோழன்தான் மற்றவர்களைச் சக்கரவர்த்தி ஆக்கக் கூடியவன். மிலானில் பெர்னபோ செத்துப்போக வேண்டியிருந்தது, ஏனென்றால் அவன் நாற்காலிதான் வேண்டும். சேந்தமங்கலத்தில் வேண்டியிருந்தது ஒரு வினைக்கு ஒரு செயப்படுபொருள்.

மற்ற இரண்டு பேரும் கருணையின் வினைகளைத் தேர்ந்தெடுத்தபோது காடவன் மட்டும் பறித்தலின் வினையை வைத்துக்கொண்டான். அவனைத் துரோகி ஆக்கியது இந்த வேறுபாடும்தான் என்று தோன்றுகிறது. தஞ்சையை எரித்த பாண்டியனை யாரும் துரோகி என்பதில்லை, அவன் சமமானவன். கிராமங்களைச் சுட்ட ஹொய்சளன் தளபதிகள் ரட்சகர்கள். கீழே இருந்து மேலே வந்தவன் செய்த அதே காரியத்துக்கு மட்டும் நம் சரித்திரம் ஒழுக்கத்தைத் துணைக்கு அழைக்கிறது.

5

இதையெல்லாம் சொன்னபிறகு சிதம்பரத்தைச் சொல்லாமல் விட்டால் நேர்மை இல்லை. தில்லைக் கோவிலின் எழுநிலை கோபுரங்களில் தெற்குக் கோபுரம் சொக்கச்சீயன் என்ற காடவப் பட்டத்தின் பெயரால் வழங்கியதையும், அதற்காக நிலம் விடப்பட்டதையும் செங்கற்பட்டுப் பக்கத்து ஆற்றூர்க் கல்வெட்டு சொல்கிறது. ஆந்திரத்தில் திரிபுராந்தகத்தில் 1262இல் வெட்டிய சமஸ்கிருதக் கல்வெட்டு, நாலு திசையும் வென்று கொண்டுவந்த பொருளால் கிழக்குக் கோபுரத்தை எடுத்தவன் மகாராஜசிம்மன் என்கிறது. அந்தக் கிழக்குக் கோபுர வாசலின் உள்சுவர்களில் பரத சாஸ்திரத்தின் நூற்றெட்டுக் கரணங்களும் ஒவ்வொன்றும் அதன் சுலோகத்தோடு வரிசையாக நிற்கின்றன. நாட்டிய சாஸ்திரத்தின் ஒரு அத்தியாயத்தை வாசலாக்கிவைத்தது போல இருக்கிறது. காடவனின் பட்டங்களில் பரதம் வல்ல பெருமாள் என்று ஒன்று உண்டு. சாகித்ய ரத்னாகரன் என்று ஒன்று உண்டு. செந்தமிழ் வாழப் பிறந்தவன் என்று ஒன்று. கட்கமல்லன் என்பதும் அவன்தான். கட்கம் என்றால் வாள்.

பர்க்ஹார்ட் 1860இல் எழுதிய இத்தாலிய மறுமலர்ச்சி பற்றிய புத்தகத்தில் இப்படிப்பட்ட ஆட்களைத்தான் விசாரிக்கிறார். பிறப்பால் வராத அதிகாரம் தன்னைச் சமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்குப் புலவனும் சிற்பியும் தேவைப்படுகிறார்கள் என்பது அவர் பார்வை. பெர்னபோவைப் பிடித்த அடுத்த வருஷம், 1386இல், மிலானில் அந்த மகத்தான தேவாலயத்துக்கு வேலை தொடங்கியது. கோபுரத்தையும் தேவாலயத்தையும் பக்கத்தில் வைத்து, குற்றவுணர்ச்சியிலிருந்து கலை பிறக்கிறது என்று சூத்திரம் எழுதிவிடலாம். அது சுலபமான சூத்திரம். விருத்தாசலத்தில் இருக்கும் ஒரு கல்வெட்டு அதைவிடச் சிக்கலான ஒன்றைச் சொல்கிறது. பெரம்பலூர்ப் போரில் கேசவன், ஹரிஹரன் முதலான ஹொய்சள தண்டநாயகர்களைக் கொன்று, அவர்கள் பெண்டிரையும் பண்டாரத்தையும் கவர்ந்ததற்குப் பிராயச்சித்தமாகக் கோப்பெருஞ்சிங்கன் திருமுதுகுன்றத்து இறைவனுக்குக் கொடை தருகிறான். வெற்றியைச் சொல்லும் வாக்கியமும் பாவத்தைச் சொல்லும் வாக்கியமும் ஒன்றேதான். கொன்றதைச் சொல்லாமல் பிராயச்சித்தம் செய்ய முடியாது. சொன்னால் அது விளம்பரமாகிவிடும். இரண்டும் அவனுக்கு வேண்டியிருந்தன. அவன் மனம் உண்மையிலேயே உறுத்தியதா என்பதைக் கல்லிடம் கேட்க முடியாது. ஆனால் உறுத்த வேண்டிய விஷயம் இது என்ற பிரக்ஞை அந்தக் காலத்தில் இருந்தது என்பதற்கு இது சாட்சி. பத்திருபது ஆண்டுகளுக்கு முன் தன் ஊர்களில் ஹொய்சளர் செய்ததையே அவன் ஹொய்சளருக்குச் செய்திருக்கிறான் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இலக்கிய சரித்திரங்கள் இந்த நூற்றாண்டை உரையாசிரியர் காலம் என்று சொல்லிக் கடந்துவிடுகின்றன. பெரிய காவியம் இல்லை, பெரிய சக்கரவர்த்தி இல்லை, ஆகவே பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் நன்னூலைப் பவணந்தியிடம் கேட்டு வாங்கியவன் சீயகங்கன் என்ற சிற்றரசன். காடவராயர் போலவே மூன்றாம் குலோத்துங்கனுக்குக் கீழே இருந்தவன், தன் பெயரில் சிங்கம் வைத்துக்கொண்டவன். பிற்காலத்தில் வில்லிபுத்தூராரைப் பாரதம் பாடச்சொன்ன வரபதி ஆட்கொண்டானும் திருமுனைப்பாடிக்காரன்தான். பேரரசு இருந்தால்தான் மொழி தழைக்கும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இந்த நடுத்தர அதிகாரங்கள் ஒரு இலக்கணத்தையும் ஒரு கோபுரத்தையும் ஒரு பாரதத்தையும் விட்டுப்போயிருக்கின்றன. அவற்றின் கையில் ரத்தம் இருந்தது, பேரரசுகளின் கையில் இருந்ததைப்போலவே.

6

முடிவு சுருக்கமானது. 1251இல் பட்டத்துக்கு வந்த ஜடாவர்மன் சுந்தரபாண்டியன் வடக்கே வந்தபோது காடவன் அனுப்பிய திறையை ஏற்க மறுத்து, சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டு, நாட்டையும் யானையையும் பொருளையும் எடுத்துக்கொண்டு, நாட்டை அவனிடமே திருப்பிக் கொடுத்தான். காடவன் இப்போது தானே செயப்படுபொருளாகிவிட்டான், வழங்கப்பட்டவன். இதைச் சொல்லும் பாண்டியனின் மெய்க்கீர்த்தி நடுங்கியவனைப் பல்லவன் என்று சொல்கிறது. தோற்றவனுக்கு இதைவிடப் பெரிய வெற்றி கிடைக்காது. கடன் வாங்கிய பெயரை எதிரி கையெழுத்திட்டு உறுதிசெய்துவிட்டான். எதிரிக்கும் அது வசதிதான். ஒரு பல்லவனை நடுங்கவைப்பது ஒரு காவல்காரனை நடுங்கவைப்பதைவிடக் கௌரவம்.

1279வாக்கில் கோப்பெருஞ்சிங்கனின் ஆண்டுகள் கல்லிலிருந்து மறைகின்றன. கடைசிச் சோழன் மூன்றாம் ராஜேந்திரனின் ஆண்டுகளும் அதே 1279இல்தான் நிற்கின்றன. சிறைவைத்தவன் வம்சமும் சிறைப்பட்டவன் வம்சமும் சேர்ந்தே காணாமல் போயின. மிலானில் 1447இல் விஸ்கான்டி ஆண்வாரிசு அற்றுப்போனபோது மருமகன் ஃபிரான்செஸ்கோ ஸ்ஃபோர்ஸா, ஒரு கூலிப்படைத் தலைவன், மூன்றாண்டுக்குள் நகரத்தைப் பிடித்து அதே ட்யூக் பட்டத்தில் உட்கார்ந்தான். அங்கே பட்டம் ஆளைவிட்டுப் பிரிந்து நிற்கும் ஒரு சட்டப்பொருள். காடவன் தானே எடுத்துக்கொண்ட சகலபுவனத்தை அவனுக்குப் பின் எடுத்துக்கொள்ள யாரும் இல்லை. தன் சொல்லையே அஸ்திவாரமாக வைத்த அதிகாரம் சொன்னவனோடு முடிந்தது.

சேந்தமங்கலத்தில் ஆபத்சகாயேஸ்வரர் கோவில் இருக்கிறது. பழைய பெயர் வாணிலைக்கண்டீச்சுரம். கோட்டையும் கோவிலும் ஒன்றாக இருந்த இடம். கல்லில் செய்த குதிரைகள் அங்கே உண்டு. தட்டினால் சத்தம் வரும் என்று பார்க்கப் போகிறவர்கள் தட்டிப் பார்க்கிறார்கள். அந்த ஊர் தென்னார்க்காட்டில் இருந்தது. 1993இல் விழுப்புரம் மாவட்டத்துக்கு வந்தது. 2019இல் கள்ளக்குறிச்சிக்குப் போனது. இப்போதும் அது வழங்கப்படுகிறது, கொள்ளப்படுகிறது, நிறுத்தப்படுகிறது.

துரோகி என்பவர்களுக்கும் மாவீரன் என்பவர்களுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. இருவருமே கல்வெட்டில் எழுவாய் யார் என்று பார்த்துவிட்டு அவர்கள் பக்கம் நிற்கிறார்கள். திருவந்திபுரத்துச் சுவரில் எழுவாய் தளபதிகள். வயலூர்ப் பாறையில் எழுவாய் காடவன். பாண்டியன் மெய்க்கீர்த்தியில் பாண்டியன். கெடிலத்துக்குத் தெற்கே கடல் வரைக்கும் சுடப்பட்ட ஊர்களும் பிடித்துக்கொண்டு போகப்பட்ட பெண்களும் இரண்டு தரப்புக் கல்வெட்டிலும் வருகிறார்கள். இந்தப் பக்கத்துப் பெண்கள் ஹொய்சளன் சுவரில். அந்தப் பக்கத்துப் பெண்கள் காடவனின் பிராயச்சித்தத்தில். எழுவாயாக ஒரு வாக்கியத்திலும் அவர்கள் இல்லை. அந்த நூற்றாண்டில்தான் பவணந்தி எழுவாயையும் செயப்படுபொருளையும் சூத்திரத்தில் வகுத்துக் கொடுத்தார்.